ராஜகம்பீராவில் எதுவும் உடைவதில்லை

தஞ்சாவூரில் நகைக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ராஜகம்பீரா தங்க மாளிகையைக் கடை என்று சொல்லிவிட முடியாது. சொன்னால் வாசலில் நிற்கும் தலைப்பாகைக்காரரே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது மங்கள ஸ்தலம். வாசல் பலகையில் பொன்னெழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, 'அமங்கலச் சொற்களைத் தவிர்த்து உதவுங்கள்' என்று ஒரு வரி. குடையை வெளியே வைக்கச் சொல்லும் வரி அதற்கும் கீழே.

நல்ல நாளும் அதுவுமாக வாயில் நல்ல வார்த்தைதான் வரவேண்டும் என்பது நம் பக்கத்தில் ஒன்றும் புதிதல்ல. விளக்கை யாரும் அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். 'போறேன்' என்று சொல்லிக் கிளம்பினால் 'போயிட்டு வரேன்னு சொல்லு' என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். வீட்டோடு இருந்த இந்த நாகரிகத்தை ராஜகம்பீராவின் சேர்மன் தூக்கிக் கம்பெனிக் கொள்கை ஆக்கினார். உடைதல், விரிசல், கீறல், குறை, தாமதம், இல்லை ஆகிய சொற்களுக்கு அந்தக் கட்டடத்துக்குள் தடை. மாடிக்கு மாடி ஒரு வெண்கல மணி. யார் வாயிலிருந்தாவது அந்தச் சொல் தவறி விழுந்துவிட்டால் உடனே மணியடித்து தோஷத்தைக் கழித்துவிடுவார்கள். மணிக்குப் பக்கத்தில் ஒரு பெண் பன்னீர்ச் செம்போடு நிற்பாள், சொன்னவர் மேல் தெளிப்பதற்கு. இந்த ஏற்பாட்டுக்கு எங்கிருந்தோ ஒரு தரச்சான்றிதழ் கூட வாங்கி மாட்டியிருந்தார்கள்.

தமிழ்மாறனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் திருத்துறைப்பூண்டியில் அரசாங்க மாட்டு டாக்டர். முட்ட வரும் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தி ஊசி போடுகிறவன்தான், ஆனால் ஏ.சி. ஓடும் கட்டடத்துக்குள் நுழைந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று திண்டாடுவான். அந்த ஊர் வங்கியில் அதிகாரியாக இருந்த ஹம்சத்வனிக்கும் அவனுக்கும் பழக்கம் ஏற்பட்டது மாட்டுக் கடனால். மாடு நல்ல மாடு என்று அவன் சான்று கொடுப்பான், அவள் கடன் கொடுப்பாள். ஊரில் பால்மாடுகள் பெருகப் பெருக இவர்கள் பேச்சும் வளர்ந்து, கடைசியில் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவாயிற்று.

முடிவு செய்தது அவர்கள் இருவரும்தான். தமிழ்மாறனின் அப்பா அம்மா, நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போய் அவனைப் படிக்கவைத்தவர்கள். ஹம்சத்வனியின் வீடு திருவிடைமருதூரில். அவள் தாத்தா காலத்தில் அவர்களுக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் இருந்தது. இப்போது அவள் அப்பாவிடம் மிஞ்சியிருப்பது பென்ஷனும் அந்த நிலத்தைப் பற்றிய நினைப்பும்தான். அவர் பெயர் கல்யாணம். பெயரில் இருந்தது மனதில் இல்லை. 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, இந்தச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க ஒரு காரணம் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தார்.

அவர் யார் பேச்சைக் கேட்காவிட்டாலும் அக்கா நீலாயதாட்சியின் பேச்சைத் தட்டமாட்டார். நீலாயதாட்சி ரிட்டயரான தலைமையாசிரியை. கத்தரிக்காய் வாங்கப் போகவும் பஞ்சாங்கம் பார்ப்பவள், பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறவள். அவள் ஒருநாள் தமிழ்மாறனை வீட்டுக்கு வரச்சொன்னாள். சினைமாட்டைப் பற்றி ஏதேதோ கேட்டாள். பிறகு உள்ளே போய்த் தன் பதக்கத்திலிருந்த மரகதத்தைப் பஞ்சில் சுற்றி எடுத்து வந்தாள்.

"இதை மோதிரத்துல பதிச்சு ஹம்சா விரல்ல போடுங்கோ. நிச்சயதார்த்தத்தன்னிக்கு நான் முன்வரிசைல உட்காருவேன். நான் உட்கார்ந்தா என் தம்பியும் தன்னால வந்து உட்காருவான். ஆனா ஒண்ணு, கல்லுக்குச் சின்னதா ஏதாவது ஆனாலும் அது நல்ல சகுனம் இல்லே. பத்திரம்."

அந்தப் பஞ்சுப் பொட்டலத்தில் தன் கல்யாணமே இருக்கிறது என்று தமிழ்மாறனுக்குப் புரிந்தது. சின்னக் கடையில் கொடுக்கப் பயந்து, இவ்வளவு பெரிய கட்டடத்தில் தப்பு நடக்க வழியேது என்று எண்ணி, அதை நேராக ராஜகம்பீராவுக்குக் கொண்டுபோனான்.

நான்காவது மாடியில் கல் பதிக்கும் பிரிவு. வாடிக்கையாளர்கள் பார்த்து மகிழக் கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தார்கள். பரணிதரன் என்ற பதிப்பவர் கல்லை வாங்கி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் பார்வை சுவரிலிருந்த வெண்கல மணிமேல் போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.

"நல்ல கல் சார்" என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில்.

தமிழ்மாறன் சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினான்.

மறுவாரம் போன் வந்தது. பேசியவர் ராஜ்குமார். ராஜகம்பீராவில் அவர் பதவியின் பெயர் வாடிக்கையாளர் பூரிப்பு அதிகாரி. "உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான முன்னேற்றம் சார். நேர்ல வந்தா இன்னும் மகிழ்ச்சியா இருக்கும்" என்றார். மோதிரம் தயார் போலிருக்கிறது என்று தமிழ்மாறன் பஸ் ஏறினான்.

சோபாவில் உட்காரவைத்து முதலில் பாதாம் பால் கொடுத்தார்கள். அவன் குடித்து முடித்ததும் ராஜ்குமார் ஒரு வெல்வெட் தட்டை அவன் முன்னால் வைத்து, மேலிருந்த பட்டுத்துணியை மெல்ல விலக்கினார். தட்டில் பச்சையாக மூன்று துண்டுகள் கிடந்தன. ஓரத்தில் கொஞ்சம் பச்சைத் தூள்.

தமிழ்மாறன் தூளை விரலால் தொட்டுப் பார்த்தான். "சார், இது... கல்லு உடைஞ்சுபோச்சா?"

டங்கென்று மணியடித்தது. முகத்தில் பன்னீர் விழுந்தது.

"அந்த வார்த்தை வேண்டாம் சார்" என்றார் ராஜ்குமார், அவனைவிட அதிகமாக வேதனைப்பட்டு. "உங்க கல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கு."

"அடுத்த கட்டம்னா?"

"முதல் கட்டத்துல ஒண்ணா இருந்துச்சு. அதுக்கு அடுத்தது."

"சரிங்க. நிச்சயதார்த்தம் ஆவணியில. அதுக்குள்ள இதே மாதிரி வேற கல்லு மாத்திக் கொடுத்துடுங்க. உங்க கையிலதானே உடை..."

பன்னீர்ச் செம்புக்காரப் பெண் ஓரடி முன்னால் வந்தாள். தமிழ்மாறன் வார்த்தையை விழுங்கிக்கொண்டான்.

"மாத்துக் கல் தாராளமாத் தரலாம் சார். அதுக்குன்னே பாலிசி வெச்சிருக்கோம். காரணம் மட்டும் ஒண்ணு வேணும்."

"காரணந்தான் தட்டுல கிடக்குதே."

"கல்லுக்கு ஏதாவது ஆகியிருந்தாத்தான் சார் அது காரணம். நம்ம நிறுவனத்துல எந்தக் கல்லுக்கும் எதுவும் ஆகுறது கிடையாது. ஆகாத ஒண்ணுக்கு எப்படி சார் மாத்திக் கொடுக்கிறது? ஆடிட்ல கேப்பாங்க."

தமிழ்மாறன் தட்டைப் பார்த்தான், ராஜ்குமாரைப் பார்த்தான். கால் முறிந்த மாட்டைக் கொண்டுவந்து, 'நல்லாத்தான் சார் இருக்கு, நடக்க மட்டும் மாட்டேங்குது' என்று சொல்பவர்களை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அவர்கள் மாட்டை விற்க வந்தவர்கள்.

புகார் கொடுக்கவேண்டும் என்றான். ராஜ்குமார் அந்தச் சொல்லையும் பொறுத்துக்கொண்டு, கீழ்த்தளத்தில் இருந்த ஒரு தொடுதிரைக்கு அழைத்துப்போனார். திரையில் கடையைப் பற்றிய கருத்தைத் தெரிவிக்க மூன்று பொத்தான்கள் இருந்தன. பூரிப்பு, பெரும்பூரிப்பு, ஆனந்தக் கண்ணீர். தமிழ்மாறன் வெகுநேரம் யோசித்தான். மூன்றில் அதிலாவது அழுகை இருக்கிறதே என்று ஆனந்தக் கண்ணீரைத் தொட்டான். திரையில் பூமாரி பொழிந்தது.

மேல்தளத்தில் இருந்த ரத்தின ஆலோசகரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றார்கள். அவர் கல்லைப் பார்க்கவில்லை. தமிழ்மாறனின் நட்சத்திரத்தைக் கேட்டு, கண்ணை மூடி, விரல்விட்டு எண்ணிப் பெருமூச்சு விட்டார்.

"உங்களுக்கு வரவேண்டிய பெரிய கண்டம். கல் வாங்கிக்கிச்சு. இல்லாட்டி..." என்றவர், தானே அந்தத் தடைச்சொல்லைச் சொல்லிவிட்டதை உணர்ந்து, தானே எழுந்துபோய் மணியை அடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "நியாயமாப் பார்த்தா நீங்கதான் எங்க பதிப்பவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுக்கணும்."

அதற்கப்புறமும் அவன் பலமுறை படையெடுத்தான். ஒவ்வொரு தடவையும் பாதாம் பால் கிடைத்தது, கல் கிடைக்கவில்லை. சோபாவில் அவனைப் போலவே தவம் கிடந்த ஓர் அம்மா பழக்கமானார். அதிராம்பட்டினத்துக்காரர், கமருன்னிஸா. மகளின் நீலக்கல்லை மோதிரத்தில் பதிக்கக் கொடுத்துவிட்டு வந்து வந்து போய்க்கொண்டிருந்தார்.

"எப்ப கேட்டாலும் சிரிக்கிறாங்க தம்பி. இப்படிச் சிரிக்கிறவங்கள நான் வளைகுடாவுலகூடப் பாத்தது கெடையாது" என்றார்.

வீட்டில் அம்மா அம்சத்திடம் மட்டும் சொன்னான். "உடைச்சவன் குடுக்கணும். இதுக்கு எதுக்குடா அஞ்சு மாடி?" என்றாள் அவள். ஹம்சத்வனியிடம் போனில் சொன்னான்.

"வேற மரகதம் ஒண்ணு வாங்கி வெச்சிடலாமா? அத்தைக்குக் கண் சரியாத் தெரியாது" என்றாள் அவள்.

"அவங்க நம்பிக் கொடுத்தது ஹம்சா. அவங்க முன்னாடி நின்னு என்னால பொய் சொல்ல முடியாது."

"நிஜத்தைச் சொன்னா அப்பாவுக்குக் காரணம் கிடைச்சுடும். அதுக்குத்தான் காத்துண்டிருக்கார்."

"தெரியும்" என்றான் அவன். அவனுக்கு அழுகை வந்தது. அதில் ஆனந்தம் எதுவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அழைப்பிதழ் வந்தது. ராஜகம்பீராவின் வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பெருவிழா. அந்த வருடத்தில் ஆனந்தக் கண்ணீரைத் தொட்ட ஒரே வாடிக்கையாளர் என்ற முறையில் தமிழ்மாறனுக்குப் பொன்னாடை. அவன் மேடையில் இரண்டு வார்த்தை பேசவேண்டும். மோதிர ஆர்டரில் பெண் வீட்டு முகவரியும் எழுதியிருந்ததால் அங்கேயும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு அழைப்பு போயிருந்தது. விழாவன்று திருவிடைமருதூருக்கே கார் அனுப்பி, நீலாயதாட்சியையும் கல்யாணத்தையும் ஹம்சத்வனியையும் ஏற்றிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். நிச்சயதார்த்தத்தில் அத்தை உட்காரவேண்டிய முன்வரிசை இப்படி முன்கூட்டியே, வேறு இடத்தில் அமைந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ராஜ்குமார் அவனுக்குப் பாடம் நடத்தினார்.

"நன்றி, நிறைவு, செழிப்பு. இந்த மூணும் பேச்சுல வந்துடணும் சார். அப்புறம், 'கொடுத்த கல் கொடுத்தபடியே மோதிரத்தில் அமர்ந்தது'ன்னு ஒரு வரி."

"அது அப்படி அமரலையே சார்."

"அமர்ந்த மாதிரி சொன்னாப் போதும்."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்களா?"

ராஜ்குமார் சுற்றுமுற்றும் பார்த்தார். "எனக்கு வீட்டுலகூட அப்படித்தான் சார் வருது" என்றார் தாழ்ந்த குரலில். "போன மாசம் என் பைக்கைத் திருடிட்டாங்க. போலீஸ் ஸ்டேஷன்ல போய், வண்டி சுதந்திரம் அடைஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டேன். கேஸே எழுதலை."

மண்டபம் நிரம்பி வழிந்தது. பட்டுப்புடவைகளும் மல்லிகைப்பூவும், இலவச வெள்ளிக் குங்குமச்சிமிழ் எப்போது கொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்புமாக ஒரே கூட்டம். மேடையின் ஓரத்தில் விழாவுக்கென்றே வார்த்த பெரிய மணி ஒன்று தொங்கியது. சேர்மன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"எங்கள் நிறுவனத்தில் இன்றுவரை ஒரு புகார்கூடப் பதிவானது கிடையாது. எப்படி சாத்தியம் என்று வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து கேட்கிறார்கள். ரொம்ப எளிது. பதிவு செய்ய எங்களிடம் இடமே கிடையாது." பலத்த கைதட்டல். "தவறே செய்யாத ஊழியர்களைத் தேடி அலைகிறவன் முட்டாள். தவறைச் சொல்லத் தெரியாத ஊழியர்களை உருவாக்குகிறவன்தான் தலைவன். பல வருஷமாக எந்தக் கெட்ட செய்தியும் என் காதுக்கு வந்தது கிடையாது. படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன். கல் பதிக்கும் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்துக்குப் போன கற்கள் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு இருமடங்கு. இது வளர்ச்சி இல்லையா?"

'இல்லையா' என்று அவரே சொன்னபோது மணியடிப்பவர் ஒரு கணம் கையை ஓங்கி, சம்பளத்தை நினைத்துக் கீழே போட்டார்.

பிறகு தமிழ்மாறனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக் அவன் கைக்கு வந்தது. முதல் வரிசையில் நீலாயதாட்சி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் கல்யாணம், கைகளைக் கட்டிக்கொண்டு. அவருக்கு அப்பால் ஹம்சத்வனி, உள்ளங்கையால் வாயைப் பொத்தியபடி. தமிழ்மாறன் மைக்கை இறுக்கிப் பிடித்தான். தடைசெய்த சொல்லைச் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. நடுவில் எவ்வளவு இடமிருக்கிறதோ அதில் நடந்து போய்விடலாம் என்று ஆரம்பித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்த மாளிகைக்கு ரொம்ப நன்றி சொல்லணும். மத்த கடைகள்ல ஒரு கல்லைக் கொடுத்தா ஒண்ணுதான் திரும்பக் கிடைக்கும். இங்க அப்படிக் கஞ்சத்தனம் கிடையாது. நான் ஒரு மரகதம் கொடுத்தேன். மூணாக் கொடுத்தாங்க. கூடவே கொஞ்சம் பச்சைத் தூளும் கொடுத்தாங்க."

மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"அந்தக் கல்லை எப்படிப் பாதுகாக்கப்போறோம்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப அந்தப் பயமே போயிடுச்சு. இனிமே அதுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு கவலைப்பட வேண்டியதே கிடையாது. மனசுக்கு ஒரு நிறைவு. பதிச்சவரும் நல்லா பலமாவே அழுத்தியிருக்கார். மாத்துக் கல் கேட்டேன். இங்க எந்தக் கல்லுக்கும் எதுவும் ஆகாததால அது தேவைப்படாதுன்னு அன்பா எடுத்துச் சொன்னாங்க. ஒவ்வொரு தடவையும் பாதாம் பால் கொடுத்தாங்க. பால்ல செழிப்பா பாதாம் இருந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கல் அடுத்த கட்டத்துலதான் இருக்கு. வணக்கம்."

அவன் மூன்று சொற்களையும் கொண்டுவந்துவிட்டான். ராஜ்குமார் மேடைக்குப் பின்னால் நெற்றியில் கைவைத்து நின்றார். கைதட்டலாமா என்று தெரியாமல் சேர்மன் பாதித் தட்டலில் நின்றார். கூட்டத்தின் நடுவிலிருந்து கமருன்னிஸா எழுந்தார்.

"தம்பி, அடுத்த கட்டம்னா இதுதானா? நேத்துதான் எனக்கும் போன் பண்ணி, என் மக கல்லு அடுத்த கட்டத்துக்குப் போயிருக்குன்னு சொன்னாங்க. நான் பாலிஷ் போட அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சு, சந்தோஷம்னு வேற சொல்லித் தொலைச்சேன்!"

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க!" என்றது பின்வரிசையில் ஒரு குரல். "எங்க மாணிக்கத்துக்கும்!" என்றது இன்னொன்று. பட்டுப்புடவைகள் எழுந்து நின்றன. பல பெண்கள் தங்கள் விரலில் இருந்த மோதிரத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே நீலாயதாட்சி எழுந்தாள். மேடையின் படிகளில் ஏறினாள். காலமெல்லாம் காலைப் பிரார்த்தனை மைதானத்தை ஒற்றைப் பார்வையில் அடக்கியவள் அவள். ஏறி நின்றதுமே கூட்டம் அடங்கிவிட்டது.

"தமிழ்மாறன்."

"மாமி."

"சுத்தி வளைக்காம சொல்லுங்கோ. நான் கொடுத்த கல் உடைஞ்சுடுத்தா?"

டங்! பெரிய மணி மண்டபத்தை உலுக்கியது. பன்னீரைத் தெளிக்கலாமா என்று செம்புக்காரப் பெண் அத்தையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

தமிழ்மாறன் கல்யாணத்தைப் பார்த்தான். அவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்து முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். காரணம் வந்துகொண்டிருந்தது.

"ஆமாம் மாமி" என்றான். "உடைஞ்சிருச்சு. இவங்க பதிக்கும்போது உடைஞ்சுது. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இத்தனை நாள் செத்துக்கிட்டிருந்தேன்."

டங்! டங்! டங்! ஒரே மூச்சில் இவ்வளவு வந்தால் மணியடிப்பவர்தான் என்ன செய்வார்? சேர்மன் அவரைப் பார்த்து இன்னும் இன்னும் என்று கையசைத்தார். கூட்டத்திலிருந்து 'என் கல்லும் உடைஞ்சுதா?', 'எத்தனை கல்லுய்யா உடைச்சீங்க?' என்று தடைச்சொற்கள் நாலாபக்கமிருந்தும் கிளம்பின. மணியடிப்பவர் மூச்சிரைக்க இழுத்தார். கடைசி இழுப்பில் மணியின் நாக்கு கொக்கியிலிருந்து பிய்த்துக்கொண்டு மேடையில் விழுந்து, உருண்டு, சேர்மனின் காலடியில் போய் நின்றது.

"என்ன ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் சேர்மன் மைக்கில்.

ராஜ்குமார் ஓடிவந்தார். வாயைத் திறந்தார். மணி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்று சொல்லத்தான் வந்தார். ஆனால் இனி அடிப்பதற்கு மணியே கிடையாது என்று தோன்றியதோ, பைக் நினைவுக்கு வந்ததோ தெரியாது.

"உடைஞ்சுபோச்சு சார்" என்றார்.

மண்டபம் அமைதியாக இருந்தது. எங்கிருந்தும் எந்த மணியும் அடிக்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ராஜ்குமார் தான் சொன்னதைத் தானே ஒருமுறை மனதுக்குள் ருசித்துப் பார்த்தார். "ஆமா சார். உடைஞ்சுபோச்சு" என்று இன்னொரு தடவையும் சொன்னார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் நிஜமான பூரிப்பு தெரிந்தது.

அப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. மாற்றுக் கல் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் எழுத ஒரு சொல் கிடைத்துவிட்டதல்லவா? கூட்டம் அப்படியே கடைக்கு நகர்ந்தது. நான்காவது மாடி இரும்பு அலமாரியைத் திறந்தால், பட்டுத்துணி மூடிய வெல்வெட் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. அது நிறுவனத்தின் அத்தனை வருட வளர்ச்சி. கமருன்னிஸா தன் தட்டைக் கண்டுபிடித்து, துண்டுகளைப் பார்த்து, வயிறெரிந்து திட்டினார். பிறகு மாற்றுக் கல்லை வெளிச்சத்தில் பார்த்து வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். சேர்மன் எங்கோ ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அவர் படுத்தவுடன் தூங்கியிருக்கமாட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கல்யாணம் அக்காவின் அருகில் வந்தார். "நான் அப்பவே நினைச்சேன் அக்கா. நிச்சயத்துக்குன்னு கொடுத்த கல் உடைஞ்சிருக்கு. சகுனம் சரியில்லே. இதை இத்தோட..."

தமிழ்மாறன் நின்ற இடத்திலேயே நின்றான். ஹம்சத்வனி அவன் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நீலாயதாட்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கல்யாணம், நல்ல வார்த்தை பேசணும்னு நம்மாத்துல எதுக்குச் சொல்லுவா? கேக்கறவா மனசு நோகப்படாதுன்னு. பண்ணின தப்பை மூடி வெக்கறதுக்கா? இந்தக் கட்டடம் பூராவும் வாயை மூடிண்டு நிக்கறது. அத்தனை பேருக்கு மத்தியில, சொன்னா தன் கல்யாணமே நின்னுபோகும்னு தெரிஞ்சும் இவன் சொன்னான். நாளைக்கு நம்ம ஹம்சாவுக்கு ஒரு கஷ்டம்னா இவன் நம்மகிட்ட மறைக்கமாட்டான். இதைவிட நல்ல சகுனம் எந்தப் பஞ்சாங்கத்துலடா போட்டிருக்கு?"

கல்யாணம், காரணம் கைநழுவிப் போனவர் முகத்தோடு, பக்கத்தில் யாரோ நீட்டிய பாதாம் பாலை வாங்கிக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் வாங்கிக்கொண்டார். சம்மதம் என்று அதைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும்.

நீலாயதாட்சி கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயே ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி, பரணிதரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றார் அவர், தட்டைப் பார்த்தபடி. "உங்க கல்லுக்குள்ள முதல்லயே ஒரு கீறல் ஓடிச்சு. மரகதத்துல அப்படி வரும். மெதுவா உட்கார வெச்சிருந்தா நின்னிருக்கும், இல்லாட்டி வேற மாதிரி பிடி போட்டிருக்கலாம். சார்கிட்ட சொல்லலாம்னு வாயெடுத்தேன்." சுவரிலிருந்த மணியை நிமிர்ந்து பார்த்தார். "சொல்லலை."

"சரி, விடுங்கோ. இப்போ சொல்லுங்கோ. இந்த மாத்துக் கல்லுல கீறல் இருக்கா?"

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இருக்கும்மா."

"அடுத்ததை எடுங்கோ."

அதிலும் இருந்தது. அதற்கடுத்த கல்லை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார்.

நீலாயதாட்சி சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டு ஒருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. மணி அடிக்கவில்லை. பன்னீர்ச் செம்புக்காரப் பெண் எப்போதோ தோடுகள் பிரிவுக்குப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரணிதரன் மோதிரத்தை அசையாமல் மரப்பிடியில் மாட்டினார். கல்லைக் குறட்டில் எடுத்தார். கை லேசாக நடுங்கியது. கண்ணாடிக்கு வெளியே தமிழ்மாறன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பதறாதீங்கோ" என்றாள் நீலாயதாட்சி. "மெதுவாப் பதியுங்கோ. உடைஞ்சா உடைஞ்சுதுன்னு வாயைத் திறந்து சொல்லிடுங்கோ. வேற எடுத்துக்கலாம்."

அவர் கை நின்றது. கல் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.